ஐந்து மரத்து ஊசி

ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பொழுது சாய்கிற நேரத்தில், நாற்பது கஜ தூரத்தில் நின்ற காட்டுப்பன்றியை ஒரே அம்பில் சாய்த்தாள் என்றால், அந்தப் பெருமையை நீங்கள் யாருக்குக் கொடுப்பீர்கள்? மேட்டில் இருக்கிற முனியாண்டி சாமிக்கா? வில்லை விட்டுப்போன வெள்ளைக்காரத் துரைக்கா? கொரக்காகந்த தோட்டத்தில் இந்த இரண்டு பேருக்கும் பங்கு வைத்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். பங்கு கிடைக்காமல் நிற்பவள் செவனம்மா ஒருத்திதான்.

செவனம்மா, கரவனெல்லவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பிறந்தவள். காலையில் ரப்பர் பால்வெட்டு. 1964-இல் இருபத்திரண்டு வயதானபோது, பின்னேரங்களில் பங்களாவில் புல் பிடுங்குகிற வேலையும் சேர்ந்தது. துரைக்கு வில் விளையாட்டில் மோகம். ஐந்து மணிக்குப் புல்தரையின் ஒரு கோடியில் நின்று, மறு கோடியில் நிறுத்திய வைக்கோல் வட்டத்தைப் பார்த்து எய்வார். அம்பு பொறுக்குவது செவனம்மாவின் வேலை. வட்டத்தில் தைத்ததைப் பிடுங்குவது ஒன்றும் பெரிதில்லை. கொய்யா வேலிக்குள் போனதையும் தண்ணீர் வந்து விழுகிற பீலிக்குள் போனதையும் தேடி எடுக்க வேண்டும். ஓர் அம்பு காணாமல் போனால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம் போய்விடும். பத்து வருடம் இப்படிப் பொறுக்கினாள். நாணைத் தொட்டுப் பார்க்க ஒரு நாளும் விட்டதில்லை.

கையைத் தடுத்தவர்களால் கண்ணைத் தடுக்க முடியவில்லை. துரையிடம் மூன்று சைட் இருந்தன. அம்பு போகப் போகத் தரையை நோக்கி இறங்கும். தூரம் கூடினால் வில்லைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்று காட்டுவதற்குக் கைப்பிடிக்கு மேலே மாட்டுகிற சாமான்தான் சைட். ஒன்றில் சின்னக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. குறியைப் பெரிதாக்கிக் காட்டும். இன்னொன்றில் ஒரு வளையம், அடிக்கோலில் ஏறி இறங்குவதுபோல் திருகினால் மேலும் கீழும் நகரும். மூன்றாவது வெறும் பித்தளைத் தகடு. அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு ஊசி. கிட்டே இருப்பதற்கு மேல் ஊசி, தூரத்துக்குக் கீழ் ஊசி. அந்தத் தகட்டைத் துரை பெட்டியை விட்டு எடுத்ததே இல்லை.

1974 தை மாதம், தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு பலத்தபோது, துரை ஊருக்குப் புறப்பட்டார். பங்களா ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சாமான் கொடுத்தார். சமையல்காரர் சட்டிகளைக் கேட்டார். காவல்காரர் மழைக்கோட்டைக் கேட்டார்.

"எனக்கு வில்லு வேணுங்க தொர."

துரை சிரித்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, பெட்டியைத் திறந்தார். "வில் எடு. சைட் மூணு இருக்கு. ஒண்ணுதான் எடுக்கலாம். மத்தது நான் கொண்டு போறது."

சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த பெரிய கிளாக்கர் தம்பிராஜா, யாழ்ப்பாணத்து மனிதர், மெல்லக் குனிந்தார். "பிள்ளை, அந்தக் கண்ணாடி வச்சதைக் கேள். அதுதான் திறமான சாமான். உந்த ஊசித் தகட்டை ஆர் சீண்டுவினம்?"

செவனம்மா ஊசித் தகட்டை எடுத்தாள்.

துரைக்கே பொறுக்கவில்லை. "ஏன் அது? நான் ஒரு நாளும் போடல."

"கண்ணாடி வச்சது மழ பேஞ்சா மூடிக்குதுங்க. போன ஐப்பசியில மட்டும் பதினாலு அம்பு கொய்யா வேலியிலதான் எடுத்தேன். வளையம் வச்சது ஒரே எடத்துல நின்னு அடிக்க நல்லதுங்க. எடம் மாறினா நீங்க திருக மறந்துருவீங்க. அன்னைக்கெல்லாம் வட்டத்துக்கு மேலயே போகும். நான் திருகி முடிக்கிற வரைக்கும் பன்னி நிக்காதுங்க."

துரை தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத முன்னாடி ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

விளையாடுவதற்காக அவள் வில் கேட்கவில்லை. அந்த வருடம் ரேஷன் கூப்பன் மாவும் அரிசியும் சுருங்கிப்போய், ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு வேளை அடுப்பெரிவதே பெரிய காரியமாக இருந்தது. கீழ்ப்பிரிவில் இரண்டு குழந்தைகளைப் புதைத்தார்கள். மருந்துப் புத்தகத்தில் காய்ச்சல் என்று எழுதினார்கள். பசி என்று எழுத அதில் கட்டம் இல்லை. லயத்துக்குக் கீழே, சரிவின் அடியில் கிடந்த வெற்றிடத்தில் இருபது குடும்பமும் சேர்ந்து மரவள்ளி நட்டிருந்தது. ஆவணியில் கிழங்கு இறங்கும். அதுவரை அது நின்றால் இருபது அடுப்பும் எரியும். ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து பன்றிகள் வந்துகொண்டிருந்தன. தகரம் தட்டிப் பார்த்தார்கள். பத்தே நாளில் பன்றிக்கு அது பழகிவிட்டது.

சுட ஒரு துவக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கேட்டால் பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்பார்கள். நாலு தலைமுறையாக இந்த மலையைக் கொத்தியவர்களிடம் அந்த ஒரு காகிதம் மட்டும் இல்லை. சுற்றுக் கிராமத்தார் வைத்திருந்த துவக்குகளையும் எழுபத்தொன்றாம் வருட இளைஞர் கலவரத்தோடு பொலிஸ் வாங்கி வைத்துக்கொண்டது. பன்றிகளுக்கு மட்டும் எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை.

ஞாயிறு தோறும் பெரட்டுக்களத்தில் பழகினாள். ஆட்களைப் பேர் சொல்லி நிறுத்துகிற அந்தக் களம் தோட்டத்திலேயே சமதரையான ஒரே இடம். பால்வாளி தூக்கிய தோளுக்கு வில்லை இழுப்பது பாரமாக இல்லை. விரல்தான் கொப்பளித்துக் காய்த்தது. தூரத்தைக் கஜத்தில் அளக்க அவளுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. கொரக்காகந்தயில் வரிசையில் இருபது அடிக்கு ஒரு மரம். தினம் முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறவளின் கண்ணில் அந்த அளவு ஊறிக் கிடந்தது. ஆகவே துரையின் நாலு ஊசியும் மூணு மரம், நாலு மரம், ஐந்து மரம், ஆறு மரம் என்று ஆயின.

பன்றி வருகிற மசங்கல் வெளிச்சத்தில் நாலு ஊசி கண்ணைக் குழப்பியது. வேலியில் பன்றி நுழைகிற இடம் இரண்டுதான்: சரிவின் மேலே அவள் ஏறி உட்காரும் பாறையிலிருந்து ஒன்று நாலு மரம், மற்றது ஆறு மரம். மற்ற இரண்டு ஊசிகளையும் கழற்றி வைத்தாள். மிஞ்சிய இரண்டின் முனையிலும் வெற்றிலைச் சுண்ணாம்பை ரப்பர் பாலில் குழைத்துப் பொட்டாக வைத்தாள். பித்தளை மங்கிப்போகும் நேரத்திலும் அந்த வெள்ளைப் பொட்டு தெரிந்தது. துரையின் நாட்டுக் கம்பெனிக்காரனுக்கு இது தோன்றவில்லை. அவள் புருஷன் சடையன், தொழிற்சாலைப் பட்டறையில் வேலை செய்பவன், தேய்ந்த பால்வெட்டுக் கத்திகளை அராவி அம்பு முனைகள் செய்துகொடுத்தான்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் ஆறு மர வாசலில் பெரிய ஆண்பன்றி வந்து நின்றது. செவனம்மா ஆறு மரத்து ஊசியைப் பன்றியின் தோள்பட்டைக்கு நேராக வைத்தாள், மூச்சை நிறுத்தினாள், விட்டாள். அம்பு பன்றியின் முதுகுக்கு மேலாகப் போய்ச் சேற்றில் குத்தியது.

மூன்றாம் நாள் அது கூட்டத்தோடு வந்து இரண்டு குடும்பத்தின் மரவள்ளியைக் கிளறிப் போட்டது. லயத்தில் பேச்சு மாறியது. தண்ணீர்ப் பீலியடியில் அவள் காதுபடவே சொன்னார்கள்: "தொர வில்லு தொர கையிலதான் பேசும்."

முனியாண்டி கோயில் பூசாரி காத்தமுத்து வாசலுக்கே வந்துவிட்டார். "மாடு திங்கிறவன் தொட்ட வில்லு ஆத்தா. தீட்டு கழிக்கணும். ஒரு எலுமிச்சம்பழம் கட்டி, தாயத்து ஒண்ணு சுத்தினா தானா போய்க் குத்தும்."

"பத்து வருசம் அவரு எலுமிச்சம்பழம் கட்டாமத்தான் அடிச்சாரு, பூசாரியாரே. வட்டத்துல பட்டுச்சு. மேல போற அம்ப உங்க பழம் வந்து கீழ எறக்கிருமா?"

"சாமிய கேலி பண்ணாத."

"சாமிய பண்ணல. பழத்தத்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு அந்த அம்பையே திரும்பத் திரும்ப யோசித்தாள். கை தப்பியிருந்தால் அம்பு பக்கத்தில் போயிருக்க வேண்டும். நேராகப் போய் மேலே போயிருக்கிறது. ஏன் மேலே? அம்பு பொறுக்கியவளுக்கு ஒன்று தெரியும்: அம்பு தவறுவதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் தவறாது.

அடுத்த ஞாயிறு ஒரு சாக்கில் புல் அடைத்தாள். ஆறு மர நீளத்துக்கு ஒரு கயிறு அறுத்துக்கொண்டாள். பெரட்டுக்களத்தில் கயிற்றை நீட்டி, சாக்கை வைத்து, ஆறு மரத்து ஊசியில் ஐந்து அம்பு விட்டாள். ஐந்தும் சாக்கின் நடுவில். பிறகு பாறைக்கு வந்து, அதே கயிற்றைச் சரிவில் நீட்டி, அதே சாக்கை வைத்து, அதே ஊசியில் ஐந்து அம்பு விட்டாள். ஐந்தும் ஒன்றரைச் சாண் மேலே. கயிறு ஒன்று, வில் ஒன்று, கை ஒன்று. சரிவு மட்டுமே வேறு. சரிவில் ஆறு மரம் இருந்தாலும் அம்புக்கு அது ஆறு மரம் இல்லை.

நாலு மரத்து ஊசிக்கும் ஆறு மரத்து ஊசிக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைச் சாக்கின்மேல் வைத்து ஆறாவது அம்பை விட்டாள். நட்ட நடுவில் தைத்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த தம்பிராஜா, சட்டைப்பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டார். சரிவான கோட்டையும் நேர்க்கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குறுக்கால அளந்தா இது அஞ்சு மரம்தான் பிள்ளை. அம்பு அந்தத் தூரத்துக்குத்தான் இறங்கும். இது ஜியோமெற்றி எல்லோ."

"அது உங்க ஊர்ப் பேருங்க ஐயா. நாங்க சரிவுன்னு சொல்லுவோம்."

தம்பிராஜா காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

மசங்கலில் வெற்றிடத்தை நம்ப முடியாது. ஐந்து மரத்து ஊசி வேண்டும். கழற்றி வைத்த டப்பாவைத் திறந்தால் மூணு மரத்து ஊசி மட்டும் கிடந்தது. அது குட்டை, பொட்டு வைத்தால் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். சடையன் தலையைச் சொறிந்தான். "பூசாரி, கோயில் பெட்ரோமாக்ஸ் அடைச்சிருச்சு, குத்த ஒண்ணு குடுன்னாரு. குடுத்தேன். ஒடஞ்சிருச்சாம்."

"நல்ல சாமி. பன்னிக்குக் காவல் நிக்குது."

மறுநாள் வெட்டிய ரப்பர் பாலைக் கொடுத்துவிட்டுக் கடைவீதிக்கு நடந்தாள். இரும்புச் சாமான் கடை கபூர் நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "பண்டிக்கு என்டா எங்கட கடையில ஒண்டும் இல்ல தங்கச்சி." பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை எடுத்தார். "மரவள்ளிக்கு என்டா இந்தா. எத்தின புள்ளைகள் ஈக்கிது உங்கட லயத்துல?"

"நாப்பத்தொண்ணுங்க."

கம்பியை அவரே முனை தீட்டிக் கொடுத்தார்.

ஆடி பிறந்து மூன்றாவது நாள். கிழங்கு இறங்க இன்னும் ஒரு மாதம். பாறைமேல் செவனம்மா, அவளுக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் சடையன். ஆறு மர வாசலில் அதே ஆண்பன்றி மூக்கை நீட்டியது. கண் வழக்கப்படி ஆறு மரத்து ஊசிக்குத்தான் போனது. மரங்களை எண்ணிப் பழகிய கண், அதை மாற்ற லேசில் முடியாது. அவள் அதை இழுத்து ஐந்து மரத்துப் பொட்டில் நிறுத்தினாள். பொட்டு தோள்பட்டையில் உட்கார்ந்தது. நாண் அதிர்ந்தது.

பன்றி நாலு பாய்ச்சல் ஓடி, ஓடைக்கரையில் விழுந்தது.

அன்று கீழ்ப்பிரிவு லயத்தில் இருபது அடுப்பிலும் இறைச்சி வெந்தது. தலைவனை இழந்த கூட்டம் மலையைச் சுற்றிப் போனது. அதன்பின் வந்த இரண்டையும் ஐந்து மரத்து ஊசி பார்த்துக்கொண்டது. ஆவணியில் கிழங்கு பிடுங்கினார்கள். அந்த வருடம் கீழ்ப்பிரிவில் மூன்றாவது குழி வெட்டவில்லை. எழுதி வைக்க வேண்டிய வெற்றி இது. எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் காத்தமுத்து கதையைக் கட்டிவிட்டார்: முனியாண்டி பன்றியின் காலைப் பிடித்து நிறுத்தினாராம், அதனால்தான் பட்டதாம். மேல்பிரிவில் வேறு கதை: அது துரையின் ராசியான வில், யார் எய்தாலும் படும். இன்றைக்கு ஆறு வருடம் ஆகிறது. கோயிலில் பன்றிக்கொம்பு தொங்குகிறது, கீழே சாமி பேர். பங்களாச் சுவரில் துரை வில்லோடு நிற்கிற படம் தொங்குகிறது. அதன் ஓரத்தில் அம்புக்கட்டோடு குனிந்திருக்கிற பெண் யார் என்று அதில் எழுதவில்லை. அவள் பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் கொழும்பில் கிடக்கிறது.

செவனம்மா இதற்கெல்லாம் கலங்குகிறவள் இல்லை. "மால வேணாங்க. எண்ணிக்கைய மட்டும் தப்பாம சொன்னா போதும். ஆறு மரம் நின்னுச்சு, அஞ்சு மரத்துல அடிச்சேன்" என்பாள். வில் அவள் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. தகட்டில் இப்போது மூன்று ஊசி. சரிவில் நின்று எய்யப் பழகுகிற பெண்கள் அந்தப் பிரிவில் நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேருக்கும் கயிறு உண்டு.

கரவனெல்லப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கோயிலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பன்றிக்கொம்பைக் காட்டிக் கதை தொடங்குவார்கள். இடையில் நிறுத்திக் கேளுங்கள்: ஐந்து மரத்து ஊசியை முறித்தது யார், மறுபடி போட்டது யார்? பதில் வருகிறவரை நகராதீர்கள். வந்ததும், ஒரு கரித்துண்டை எடுத்து அந்தக் கொம்பின் கீழே அவள் பேரை எழுதிவிட்டு வாருங்கள்.