பூசைக்குப் போன வாளி

இந்த ஊரில் நான் தினமும் காலையும் மாலையும் ஒரு படகுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். கடலில் மிதக்கிற படகுக்குத் தண்ணீர் ஊற்றுவானேன் என்று நாகப்பட்டினத்தில் நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. நானும் முதலில் சிரித்தவன்தான். சிங்கப்பூர் வெயிலில், தண்ணீருக்கு மேலே நிற்கிற பலகைகள் நாலு நாளில் காய்ந்து சுருங்கிவிடும். குங்கிலியம் வைத்து அடைத்த இடுக்கெல்லாம் வாய் திறந்துகொள்ளும். படகு நின்ற இடத்தில் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போதுதான் அந்த வாய்கள் கடலைக் குடிக்கத் தொடங்கும். ஆகவே அடிப்பாகத்தைப் புழு அரிக்காமல் இருக்க ஒரு பூச்சு, மேல்பாகம் காயாமல் இருக்க இரண்டு வேளை தண்ணீர். இதை நான் ஒரே ஒரு முறைதான் தவறவிட்டேன்.

படகு எங்கள் துரையுடையது. நான் அவருடைய சரக்குக் கிட்டங்கியில் கடிதம் எழுதுகிற கிராணி. இங்கே வெள்ளைக்காரர்களில் சிலர் வாரத்தில் ஆறு நாள் பங்கா விசிறி இழுக்கவும் செருப்பு எடுத்துக் கொடுக்கவும் ஆள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாங்களே கயிறு பிடித்து உள்ளங்கைத் தோலை உரித்துக்கொள்கிறார்கள். ஐந்தாறு படகுகள் வரிசையாக நிற்கும். ஒரு வெடிச்சத்தம் கேட்டதும் பாய் விரித்துப் பறக்கும். தூரத்தில் போட்டிருக்கிற மிதவைகளைச் சுற்றிக்கொண்டு முதலில் வருகிறவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. ஏற்றிப்போகச் சரக்கும் இல்லை, போய்ச் சேர ஒரு ஊரும் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்குத்தான் இவ்வளவு அவசரம்.

நான் இதில் மாட்டிக்கொண்டது என் வாயால். வேலைக்குச் சேர்ந்த அன்று துரை, "எந்த ஊர்?" என்று கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். "துறைமுகத்துக்காரன்! அப்படியானால் உனக்குப் படகு தெரியும்" என்று சந்தோஷப்பட்டார். புது வேலை, எதிரே துரை. "ஆமாம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எங்கள் தெருப் பிள்ளைகள் கோயில் குளத்தில் குதித்து ஆடும்போது, மேல்படியில் உட்கார்ந்து அவர்கள் துணிக்குக் காவல் இருந்தவன் நான். தை அமாவாசைக்குக் கடலில் முழுகக் கூட்டிப்போனால், ஒரு கையை அப்பாவும் மறு கையை மாமாவும் பிடித்திருக்க வேண்டும். அலை முழங்காலைத் தொட்டதுமே அலறுவேன். கப்பலேறி இங்கே வந்த நாட்களில் ஒரு தடவைகூட விளிம்புப் பக்கம் போகவில்லை. மேல்தட்டின் நடுவில் பாயை விரித்துத் தலையோடு போர்த்திக்கொண்டவன், பினாங்கு வந்தபோதுகூட எழுந்து பார்க்கவில்லை. இப்படிப்பட்ட வீரனிடம்தான் துரை படகை ஒப்படைத்தார். துறையில் கட்டி நிற்கிற படகு என்பதால் எப்படியோ சமாளித்தேன். துடைப்பது, பாயை உலர்த்தி மடிப்பது, தண்ணீர் ஊற்றுவது என் பாடு. கடலுக்குள் போவது துரையும் அவருக்கு உதவியாக இருந்த அவாங் என்ற மலாய்க்காரரும் படுகிற பாடு.

அந்த வருடம் ஆயுத பூசை சனிக்கிழமை வந்தது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்திருந்த வீட்டில், சரஸ்வதி படத்தை வைத்து அவரவர் தொழில் சாமானை அடுக்கினோம். தச்சு வேலை செய்கிற மாணிக்கம் உளியும் இழைப்புளியும் வைத்தார். மாட்டுவண்டி ஓட்டுகிறவர் சாட்டை வைத்தார். நான் என் பேனாவோடு, படகில் தண்ணீர் இறைக்கிற செம்பு வாளியையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தேன். சந்தனமும் குங்குமமும் இட்டதும் அது கலசம் மாதிரி ஜொலித்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பூசை நாளில் தொழிலைத் தொடக் கூடாது என்பதால் அன்று படகுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வீடு கழுவுவதும் தோரணம் கட்டுவதுமாக அதற்கு முந்திய மூன்று நாளும் ஊற்றவில்லை.

மறுநாள் காலை பந்தயம். விஜயதசமியன்று மறுபூசை முடிந்த பிறகுதான் சாமானை எடுக்கலாம். பூசை செய்கிற பண்டாரம் எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டார். பந்தயமோ ஏழு மணிக்கு. படத்துக்கு முன்னால் நின்று வாளியையே பார்த்தேன்.

"எடுத்துக்கிட்டுப் போயிடட்டுமா?" என்று மாணிக்கத்திடம் கேட்டேன்.

"மறுபூசைக்கு முந்தி தொடக் கூடாதுங்க. ஒரு நாள் வாளி இல்லாட்டி படகு முழுகிடவா போவுது?"

"முழுகினாலும் நான் அதுல இல்லையே" என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது. சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயந்தவன், படகில் போகிற மனிதர்களின் உயிருக்குப் பயப்படவில்லை. என் பயமெல்லாம் என் தோலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

துறையில் துரை சிடுசிடுவென்று நின்றிருந்தார். பந்தயத்தன்று மட்டும் கூட வருகிற அவருடைய சினேகிதருக்குக் காய்ச்சல். அன்று காற்று பலமாக இருந்தது. சாய்ந்து ஓடும் படகு கவிழாமல் இருக்க, உயர்ந்த பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கனம் வேண்டும். துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத் தொந்தி உண்டு. "நீ ஏறு" என்றார். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம் இழுத்தது, கடல் ஒரு பக்கம் இழுத்தது. வாளி இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏறினேன்.

வெடி வெடித்தது. நங்கூரம் போட்டு நின்ற பெரிய கப்பல்களைத் தாண்டியதும் படகு சாய்ந்தது. அவாங் என் தோளைப் பிடித்து உயர்ந்த விளிம்பில் உட்காரவைத்து, உடம்பை வெளியே சாய்க்கச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் கடல், கண்ணுக்கு முன்னால் கடல். எட்டியிருந்தால் கயிற்றைப் பல்லாலும் பிடித்திருப்பேன். துரை மட்டும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் படகுதான் முதலில் போய்க்கொண்டிருந்தது.

மேற்கே வானம் கறுத்தது. சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து திடீரென்று கிளம்பி வருகிற காற்று அது. இங்கே அதற்குச் சுமத்ரா என்றே பெயர். மற்றப் படகுகள் பாயைச் சுருக்கின. துரை சுருக்கவில்லை. காற்று வந்து மோதியபோது எதிர்ப்பக்க விளிம்பு தண்ணீருக்குள் இறங்கியது. அப்போதுதான் பார்த்தேன். நாலு நாளாக நான் நனைக்காத பலகைகளின் இடுக்கெல்லாம் வரிவரியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்காலுக்கு ஏறிவிட்டது.

"தீம்பா! தீம்பா!" என்று அவாங் கத்தினார். மலாயில் இறைக்கிற வாளிக்கு அதுதான் பெயர். அவர் கை பலகைக்கு அடியில், வாளி எப்போதும் இருக்கிற இடத்தில் துழாவியது. அந்தப் பக்கம் துழாவியது, இந்தப் பக்கம் துழாவியது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் வாளி தெரிந்தது. நெற்றி நிறையப் பொட்டோடு, பக்கத்தில் ஊதுவத்தி புகைய, சொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்து, துரையின் தலையிலிருந்த நெட்டித் தொப்பியைப் பறித்தேன். ஒரு கிராணி துரையின் தலையில் கைவைத்தான் என்றால் ஊரில் நம்பமாட்டீர்கள். குனிந்து இறைத்தேன். அழுதுகொண்டே இறைத்தேன். "அம்மா, அம்மா" என்று ஓயாமல் கத்தினேனாம். அவாங் பிறகு சொன்னார். பெற்றவளையா, படத்தில் இருந்தவளையா, யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அவாங் பெரிய பாயை இறக்கினார். துரை சுக்கானோடு மல்லுக்கட்டினார். நான் தொப்பி ஊறிக் கூழாகித் துணி மட்டும் மிஞ்சும்வரை இறைத்தேன். பிறகு இரண்டு கையையும் குவித்து இறைத்தேன். அரை மணி நேரத்தில் காற்று ஓய்ந்தது.

கடைசிப் படகாக வந்து சேர்ந்தோம். துறையில் கால் வைத்ததும் துரை அவாங்கின் மேல் பாய்ந்தார்.

"வாளியை எங்கே தொலைத்தாய்?"

அவாங் குனிந்து நனைந்த பாயை மடிக்கத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் பலகைக்கு அடியில் துழாவிய அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"வாளி என் வீட்டில் இருக்கிறது ஐயா" என்றேன்.

"திருடினாயா?"

"இல்லை ஐயா. பூசையில் வைத்துக் கும்பிட்டோம்."

"வாளியையா?"

"வருடத்துக்கு ஒரு நாள் ஐயா. தொழில் நன்றாக நடக்க வேண்டுமென்று."

"உங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் வாளியை வீட்டில் வைத்துவிட்டா கடலுக்குப் போகிறார்கள்?"

"எனக்குத் தெரியாது ஐயா. நான் அவர்களோடு ஒரு நாளும் போனதில்லை. எனக்கு நீந்தவும் தெரியாது."

அவர் முகம் வெளுத்தது. தலையைத் தொட்டுப் பார்த்தார், தொப்பி இல்லை. கல்படியில் மெதுவாக உட்கார்ந்தார். "முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்றார். பயம் என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மறுபூசை முடிந்திருந்தது. மாணிக்கம் என் பங்குப் பொரிகடலையை அந்த வாளியிலேயே போட்டு வைத்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சாமிதாங்க காப்பாத்திருக்கு" என்றார். ஒரு பிடி அள்ளினேன். மீதியை வேறு தட்டில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி வைத்தேன்.

வேலை போகவில்லை. துரை இன்னொரு வாளி வாங்கினார். "ஒன்று உன் சாமிக்கு, ஒன்று என் படகுக்கு" என்றார். படகு வாளியை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். என்னை மறுபடி ஏறச் சொல்லவில்லை. அவாங் இன்றும் பாய் விரிக்கும் முன் பலகைக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறார். நான் பார்க்கும்போது செய்யமாட்டார்; நான் அந்தப் பக்கம் திரும்பின பிறகுதான் செய்வார்.

துரை விடுமுறை தருகிறேன், ஊருக்குப் போய் வா என்கிறார். அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள். இரண்டு தடவை கப்பல் சீட்டு விற்கிற இடம்வரை போய்த் திரும்பிவிட்டேன். சிங்கப்பூர்ச் சுகம் கண்டு ஊரை மறந்துவிட்டான் என்று அங்கே பேசிக்கொள்கிறீர்களாம். மறக்கவில்லை. பயப்படுகிறேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது அதே தண்ணீர்தான். அதன் மேல் ஏற என் கால் வருவதில்லை.

நாகப்பட்டினம் போகிற கப்பல் ஊதும்போது நான் பெரும்பாலும் துறையில்தான் நிற்கிறேன். அது சிறுத்து மறையும்வரை பார்க்கிறேன். பிறகு குனிந்து பலகைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடாதபடி.