டெஸ்ட் பேப்பர் வெள்ளையாக இருந்தது

வீரபாண்டியில் ராஜவேல் வேலை பார்த்த சாயப்பட்டறையில் எல்லாருக்கும் ஒன்று தெரியும். லேப்பில் இருக்கும் மெஷின் சொல்வதற்கு முன்பே, இந்தத் துணி ஆர்டர் கொடுத்த பார்ட்டி கேட்ட நீலம்தானா இல்லையா என்று அவர் கண் சொல்லிவிடும். குன்னத்தூரிலிருந்து பதினேழு வயதில் ஈரத்துணி தூக்க வந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். டையிங் மாஸ்டர் ஆவதற்குள் அவர் நகக்கண்களில் நிறம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அவருடைய ஒரே மகள் அனுப்பிரியா. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். உயிர்வேதியியல் படித்தாள். அது என்ன படிப்பு என்று கேட்பவர்களிடம் ராஜவேல், "ஒடம்புக்குள்ள நடக்கற கெமிக்கலுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் நழுவிவிடுவார்.

அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்பைக் குறைக்க ஒன்று என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்றார் டாக்டர். பட்டறையில் மெஷின் ஓட்டும் வெள்ளியங்கிரியும் அதே கொழுப்பு மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஒரே பார்ட்டி ஆர்டருடா மாப்ள" என்று அவர் ராஜவேலைக் கேலி செய்வார்.

கடைசி வருடத்தில் அந்த மாத்திரையைப் பற்றியே அனுப்பிரியா வகுப்பில் பேச வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லூர் வீட்டில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ராஜவேல் எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இது உள்ள போயி என்னதான் பண்ணுது? கொழுப்பக் கரைக்குதா?"

"கரைக்கறதில்லீங்கப்பா. ஈரல் கொழுப்புச் செய்யறதக் கொறைக்குது. இன்னொரு வேலையும் பாக்குதுன்னு சொல்றாங்க."

அந்த இன்னொரு வேலைக்குப் பாடத்தில் இருந்த பெயர் அவருக்குப் புரியாது. அவருடைய சாயச் சட்டையைப் பார்த்ததும் அவளுக்கு வழி கிடைத்தது.

"துணிய வெளுக்கப் பெராக்சைடு போடறீங்கல்ல? அது கொஞ்சம் துணியிலயே நின்னுட்டா?"

"சாயம் புடிக்காது. திட்டுத்திட்டாப் போயிரும்."

"அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"கில்லர் போடுவோம். பெராக்சைடக் கொன்னுரும்."

"ஒடம்புலயும் பெராக்சைடு மாதிரிச் சிலது உண்டாகுதுங்கப்பா. அது ரத்தத்துல இருக்கற கொழுப்பக் கெடுக்குது. கெட்ட கொழுப்பு கொழாய்ச் செவுத்துல படியுது. இந்த மாத்திரை கொழுப்பையும் கொறைக்குது, கொஞ்சம் கில்லர் வேலையும் பாக்குது."

ராஜவேல் தரையில் உட்கார்ந்தார். "அப்பிடியா சங்கதி! இத அந்த டாக்டரு சொல்லியிருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும்ல!" என்றவர் அடுக்களையில் இருந்த மனைவி பக்கம் திரும்பினார். "இங்க வா ஜெயசுதா, உம்புள்ள பட்டறை நடத்தறா!"

மகள் படித்த படிப்பில் தனக்குத் தெரிந்த ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய தாளில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தது: கில்லர் வேலை பெரும்பாலும் ஆய்வகத்தில் கண்டது, மனிதருக்கு அதனால் எவ்வளவு பயன் என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்த வரியை அன்று அப்பாவிடம் சொன்னோமா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். அப்பாவின் முகம் நினைவில் இருந்தது. அந்த வரியைத் தான் சொன்னது மட்டும் நினைவில் இல்லை.

கில்லர் போட்டபின் டெஸ்ட் பேப்பரைத் துணி கிடக்கும் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பது பட்டறை வழக்கம். நீலம் காட்டினால் பெராக்சைடு மிச்சம் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் போய்விட்டது, சாயம் போடலாம். வெள்ளையான பிறகும் கில்லர் சேர்ப்பவன் ராஜவேலிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வான். அந்தக் காலத்துக் கெமிக்கல் கில்லர் அதிகமாகி சாயத்தையே தின்றுவிட்ட துணி லாட்டுகளை அவர் பார்த்திருக்கிறார்.

அனுப்பிரியா படிப்பை முடித்த பிறகு ஒரு நாள் அவருடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாயில் ஊக்கு.

"கண்ணு, கெட்ட கொழுப்பு அறுவத்திரெண்டாமா. நல்லதுதானே?"

"சூப்பருங்கப்பா. இதுக்கு மேல கொறையவே வேண்டாம்."

அவர் ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டெஸ்ட் பேப்பரை அப்படித்தான் பார்ப்பார். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு முற்பகலில், மெஷின் பக்கத்தில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நடுவே கிடந்தவரிடம் டாக்டர் கேட்டார்: "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒண்ண மட்டும் நிறுத்திட்டனுங்க. பேப்பரு வெள்ளையாயிருச்சு, அப்பறம் எதுக்குங்க கில்..."

பாதியில் நிறுத்தினார். கட்டில் காலருகே நின்ற மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"மறந்துட்டனுங்க டாக்டர். மறதி ஜாஸ்தியாயிருச்சு."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. ஜெயசுதா தலையில் அடித்துக்கொண்டு, "மறக்கற காரியமாங்க இது!" என்று அழுதாள்.

மறுநாள் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அப்போது அவள் சொன்னாள்: "பட்டறையில பெராக்சைடு ஒருதடவதான் ஊத்தறீங்கப்பா. ஒடம்பு அப்பிடியில்லீங்க. ஈரல் தெனமும் கொழுப்புச் செய்யும், அந்தப் பெராக்சைடும் தெனமும் உண்டாகும். மாத்திரை இருந்ததாலதான் ரிப்போர்ட்டு அப்பிடி வந்துது."

அந்த நிலையிலும் ராஜவேலுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"அப்பப் பெராக்சைடு கொழாய் தொறந்தேதான் கெடக்குதுன்னு சொல்லு."

"ஆமாங்கப்பா."

"செரி. நாந்தான் கில்லர் போடாமப் பாதில கெளம்பிட்டேன். உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத."

இதயத்தில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்றார்கள். நான்காம் நாள் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் வெள்ளியங்கிரி வந்தார். ஜெயசுதா வந்தவர்களிடமெல்லாம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள்: "மறதியாலயே போயிட்டாருங்கண்ணா."

தண்ணீர்ச் செம்பைக் கொடுக்க வந்த அனுப்பிரியாவிடம் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏங் கண்ணு, மறந்து மறந்து போட்டாத்தான் இப்பிடி ஆகுமா? நான் ஒரேயடியா நிறுத்திட்டேன், நாலு மாசமாச்சு. எனக்கும் ரிப்போர்ட்டு நல்லா இருக்குதுன்னு உங்கப்பந்தான் சொன்னான். 'எம்புள்ளகிட்டக் கேட்டாச்சு, வெள்ளையான பேப்பருக்குக் கில்லர் எதுக்குடா'ன்னான்."

அவள் செம்பைத் தரையில் வைத்தாள். மறுபடி போடுங்கள் என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் இந்த மனிதர் நாலு மாதமாக அப்பாவின் பேச்சை நம்பியிருக்கிறார். ஏன் என்று கேட்பார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். அப்பா மறதி என்று பழியைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு அதற்கும் இடம் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

"அப்பா மறக்கலீங்க மாமா" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. சுவரோரம் இருந்த ஜெயசுதா நிமிர்ந்தாள். "அவரும் ஒரேயடியா நிறுத்திட்டாருங்க. கில்லருன்னு சொல்லிக் குடுத்தது நாந்தான். ஒடம்புல பெராக்சைடு கொழாய் தொறந்தே கெடக்கும், அதனால தெனமும் போடோணும்னு சொல்லல. ரிப்போர்ட்டப் பாத்து சூப்பர்னு சொன்னதும் நாந்தான்."

வெள்ளியங்கிரி மாத்திரையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை.

"இன்னிக்கே டாக்டரப் பாக்கோணுங்க. நானும் வர்றேன்" என்றாள் அனுப்பிரியா.

அவள் செருப்பைத் தேடி மாட்டினாள். ஜெயசுதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் படியிறங்கியபோது பின்னால் ஜெயசுதா கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.