உதியன்குளங்கரைப் பழக்கடையில் கொஞ்சம் அரபி

பழக்கடையில் அழுகலைக் கண்டுபிடித்துப் பொறுக்குவது பாதித் தொழில். மீதிப் பாதி, வாங்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவதைத் தாங்கிக்கொள்வது. உதியன்குளங்கரை ஜங்ஷனில் பஸ் ஸ்டாப்பை ஒட்டி என் கடை. வாதம் வந்து விழுந்தவரையும் பார்த்துக்கொண்டு தொழிலையும் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நம் கூட்டத்துக்குள் பேசிக்கொள்வதுதானே, வெட்கம் எதற்கு?

முதல் வார்த்தை

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பழப் பிரிவில் நின்றவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. ஏர்போர்ட்டில் தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும், கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், "சுசீலா, வந்தாச்சு" என்று ஒரு சத்தம் போடுவார். கடைசி முறை சக்கர நாற்காலியில் வந்தார், சத்தம் இல்லை. வேலை இடத்தில் நின்றபடியே விழுந்திருக்கிறார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்றார் டாக்டர். வேறு எது வராவிட்டாலும் என் பெயர் மட்டும் வந்தால் போதும் என்று காத்திருந்தேன்.

வீட்டில் தனியே விட முடியாமல் கடைக்கே கூட்டி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். நாலாம் நாள் வாய் திறந்தார். "மௌஸ்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். காலை நீட்டி விட்டேன். சட்டைப் பட்டனைத் தளர்த்தினேன். எல்லாவற்றுக்கும் அதே "மௌஸ்"தான். அப்போது கடையில் நின்றது நசீர். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன், முன்னால் ஆறு வருஷம் வளைகுடாவில் இருந்தவன். அவன் தொங்குகிற குலையைக் காட்டிச் சொன்னான்: "சேச்சி, அண்ணனுக்கு ஒண்ணும் வேண்டாம். மௌஸுன்னா அரபியில வாழைப்பழமாக்கும்."

காலண்டர் தாள்

நசீரே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான். ஆப்பிள் துஃபாஹ், ஆரஞ்சு புர்த்துகால், திராட்சை இனப், மாதுளை ருமான். தராசுக்கு மேலே ஒட்டிவைத்து, ஐம்பத்து மூன்று வயதில் நானும் படித்தேன். ஆரஞ்சைத் தூக்கிக் காட்டினால் "புர்த்துகால்" என்று கணீரென்று சொல்வார். தலை சீவுகிற சீப்பைக் காட்டினால் இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டினேன், அதற்கும் இல்லை. என் நெஞ்சில் கையை வைத்து, "நான் ஆரு?" என்று கேட்டேன். என்னைத் தாண்டித் திராட்சைத் தட்டைப் பார்த்து "இனப்" என்றார்.

அன்று எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷனுக்கு நான் எங்கே போனேன்? பஸ்ஸுக்கு நின்ற டீச்சர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "ஒரு நாளைக்கு நூறு தடவ அதுகள கூப்பிட்டிருப்பாரு, உன்ன வாரத்துக்கு ஒரு போன்லதானே."

அந்நிய பாஷை

ஞானம்மா அக்கா எங்கள் பக்கத்து வீடு. ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவள். ஒரு நாள் மாதுளை வாங்க வந்தவள், இவர் "ருமான், துஃபாஹ், ருமான்" என்று சொல்லக் கேட்டுப் பையைக் கீழே போட்டாள். ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுகிறார் என்று நினைத்துவிட்டாள். ரோட்டோரத்தில் முழங்கால் போட்டு, கையை உயர்த்தி, கண்ணீர் விட்டு ஜெபித்தாள். மறுநாள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஜெபமும் பாட்டும் முடிகிறவரை எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. என் புருஷனுக்காக இவ்வளவு பேர் சேர்ந்து அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு காலண்டர் தாளைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். சிரிப்பாள் அல்லது கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. அவர் தலையில் கை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பழத்துக்க பேரானாலும் வாயத் தொறந்தது ஆண்டவராக்கும் மக்களே. மிச்சத்தையும் தருவாரு."

சக்கை

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து சக்கை வந்தது, பலாப்பழம்தான். கல்யாணமான புதிதில் இவர்தான் கையில் எண்ணெய் தடவி வெட்டுவார், சுளையை எனக்கு எடுத்து நீட்டுவார். வெளிநாடு போனபின் ஒரு லீவும் சக்கைக் காலத்தில் விழவில்லை. ஒரு சுளையை மூக்கருகே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. பேர் வரவில்லை, கண் நிறைந்தது. சக்கை வாங்க நின்ற தங்கப்பன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "விடு சுசீலா. அவரு அங்க சக்கையா வித்தாரு?"

அட்டைப்பெட்டி

போன மாதம் நல்ல ஆப்பிள்கள் குறையத் தொடங்கின. பார்த்தால் இவர் வேலை. காலடியில் காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, அடிபடாத ஆப்பிளாகத் தேர்ந்தெடுத்து, இடது கையாலேயே பத்திரிகைத் தாளில் பொதிந்து அடுக்குகிறார். நான் எடுத்துத் தட்டில் வைப்பேன். மறுநாள் திரும்பவும் அடுக்குவார். ஒரு நாள் கடையில் கூட்டம். பொறுமை போய், எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். "இது என்ன, விளையாட்டுச் சாமானா?" என்று பெட்டியைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது.

நசீர் வந்து என் கையை விலக்கினான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் என் பழைய துண்டு விரித்திருந்தது, ஆப்பிளுக்கு நடுவில் அசையாமல் இருக்கத் தாள் செருகியிருந்தது. லீவுக்கு இவர் கொண்டுவரும் பெட்டிகளைத் திறந்தவள் நான்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நசீர் மெதுவாகச் சொன்னான்: "சேச்சி, பிடுங்காதீங்க. அண்ணன் ஊருக்கு வாறதுக்குப் பெட்டி கெட்டுதாரு."

இப்போது நல்ல ஆப்பிளாக நானே எடுத்துக் கொடுக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருக்கிற மனுஷன் வந்து சேர்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவரை காத்திருக்க வேண்டும், பத்தொன்பது வருஷம் செய்த வேலைதான், பழகிப்போனதுதான்.