காலையில் முதலாளி, மதியம் சேர்மன்

சென்ற செவ்வாய்க்கிழமை தாராபுரம் போகும் பேருந்தில் இருந்தேன். காங்கேயத்தில் வண்டி நின்றபோது, ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் பழைய சேர்மன் சென்னியப்பன் காலமாகிவிட்டார். அங்கேயே இறங்கிக் கோவை பேருந்தைப் பிடித்தேன். அவர் வீட்டு வாசலில் அவருடைய வார்ப்பட ஆலைத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் நகராட்சிக்காரர்கள் ஒரு பக்கமுமாக நின்றிருந்தார்கள்.

கோவையை ஒட்டிய எங்கள் ஊரில் பம்பு பாகங்கள் வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தவர் அவர். "கம்பெனியை நடத்தற மாதிரி நகராட்சியை நடத்திக் காட்டறனுங்க" என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார். நான் அப்போது அங்கே கணக்கர். கேள்வி கேட்பாரில்லாத செலவுகளைப் பல வருடம் பார்த்துச் சலித்திருந்த எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

பதவியேற்ற மாதமே என்னை அழைத்துக்கொண்டு குடிநீர் ஏற்றும் மோட்டார் அறைகளுக்குப் போனார். ஓரிடத்தில் மோட்டாரின் மேல் கைவைத்து அதன் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டார். "ஏனுங்க சார், இது தண்ணி ஏத்தலீங்க. சும்மா சுத்திட்டிருக்குது. கரண்டு பில்லுக்கு மொதலாளி யாருமில்லைன்னு நெனச்சுப்போட்டாங்களா?" பழுதான வால்வை அன்றே மாற்ற வைத்தார். இப்படியே இரண்டு வருடத்தில் நகராட்சிக்கென்று ஒரு கையிருப்பு சேர்ந்தது. அதற்கு முன் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை.

பிறகு தொழில் படுத்தது. ஊரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஆர்டர் இல்லாமல் நின்றன. வரி வசூலும் குறைந்தது. பள்ளத்துத் தெருக்களுக்கான மழைநீர் வடிகால் பணியை, வருமானம் சீராகும்வரை தள்ளிவைக்கலாம் என்று நான் குறிப்பு எழுதினேன். வருமானம் குறையும்போது எந்த நிறுவனமும் புதுச் செலவைத் தொடங்காது என்பது என் வாதம். அவர் படித்துவிட்டு, "நானும் இதையேதானுங்க காலைல கம்பெனில பண்ணிப்போட்டு வந்தேன்" என்றார். இரண்டாவது ஷிப்டை அன்றுதான் நிறுத்தியிருந்தார்.

மதியம் அந்த ஷிப்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நகராட்சி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். வடிகால் வேலையில் ஆள் எடுப்பார்களா என்று கேட்டார்கள். வேலையே தள்ளிப்போகலாம் என்றார் சேர்மன். சரோஜா என்கிற பெண் முன்னால் வந்தார்.

"காலைல கம்பெனில வேலையில்லைன்னீங்க. ஆர்டர் இல்லாம நீங்களும் என்னங்க பண்ணுவீங்க, செரிங்கண்ணா. இங்கயும் அதையே சொன்னா நாங்க எங்கீங்க போறது?"

அவர்கள் போனபின் சேர்மன் என் குறிப்பை மறுபடியும் எடுத்தார். "கம்பெனில ஆளைக் கொறச்சா என் கணக்குல இருந்து அவங்க போயிருவாங்க. நகராட்சிக் கணக்குல இருந்து எப்படீங்க போவாங்க? நாளைக்கும் இதே ஊர்லதான இருப்பாங்க?"

"கையிருப்பு கரைஞ்சிருமுங்க" என்றேன்.

"மிச்சம் புடிச்சதே இப்படியொரு நாளைக்குத்தானுங்க, சார். பூட்டி வெச்சு அழகு பாக்கறதுக்கா?"

அடுத்த கூட்டத்தில் பணியை உடனே தொடங்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எதிரணி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கம்பெனி மாதிரி நடத்தறேன்னுதானே ஓட்டுக் கேட்டீங்க?" என்றார். சேர்மன் மறுக்கவில்லை. "கேட்டனுங்க. அதுல பாதி செரி. பாதி தப்பாச் சொல்லிப்போட்டனுங்க." சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. ஷிப்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அதில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் திருப்பூர்ப் பக்கம் போனார்கள். அடுத்த வருடம் நகராட்சியில் இரண்டு முறை சம்பளம் தாமதமானது. அது அன்று பணியில் இருந்த பலருக்கு நினைவிருக்கும். அப்போது திட்டியவர்களில் நானும் உண்டு. பள்ளத்துத் தெருக்களில் அந்த வருட மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் அடுத்த தேர்தலில் தோற்றார். நிறுத்திய ஷிப்டை மீண்டும் தொடங்கவேயில்லை. "அது தப்பில்லீங்க. ஓட்டியிருந்தா மொத்தக் கம்பெனியும் போயிருக்கும்" என்று கடைசிவரை சொன்னார். இரண்டு முடிவுகளையும் ஒரே மனிதர் எடுத்ததில் அவருக்கு முரண் எதுவும் தெரியவில்லை. எனக்குப் புரியச் சில வருடங்கள் பிடித்தன.

தீர்மானம் வந்த அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பணியைத் தள்ளிவைக்கச் சொன்ன குறிப்பு யாருடையது என்று அதே உறுப்பினர் கேட்டார். கோப்பில் கையெழுத்து என்னுடையது. நான் எழுந்திருக்குமுன், "என்னோட யோசனைதானுங்க. சார் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்" என்றார் சேர்மன். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஓட்டுக் கேட்டது நீங்களா, நானுங்களா?" என்றார்.

வரவு செலவைப் பற்றி அவரிடம் கற்றதைவிட அந்தக் கேள்வியைத்தான் நான் அவருடையதாக வைத்திருக்கிறேன். அதற்குப் பின் பணியில் இருந்தவரை, என் தவறுக்குக் கீழே உள்ள ஒருவரைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.