வோட்டு வரிசையில் நின்ற நர்ஸ்

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை. நான் குடியேறி வந்த வெளிநாட்டில், லிட்கம் பள்ளிக்கூடத்தில் வோட்டு. வரிசையில் இறைச்சிக்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு கிரேக்கப் பெண், வெள்ளை உடுப்போடு ஒரு தமிழ் நர்ஸ், பிறகு நான். கடைசியாக இடுப்பில் கைத்துவக்கோடு ஒருவர் வந்தார். நான் விலகி அவருக்கு இடம் விட்டேன். வீட்டுக்கே போய்விடலாம் என்றும் நினைத்தேன்.

கொண்டையில் பென்சில் செருகியிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தா.

"ஏன் தம்பி விலகினனீர்?"

"பொலிஸ் எண்டு நினைச்சன், அக்கா."

"பொலிசுமில்லை, கிலிசுமில்லை. பாங்குக் காசு வண்டியின்ர காவல்காரன். உம்மைப்போல வோட்டுப் போட வந்தவர்."

"துவக்கு இருக்கே."

"பயமோ?"

"ஊர்ப் பழக்கம்."

அவ சிரிக்கவில்லை. கையைப் பிடித்து என்னைத் தனக்கு முன்னால் விட்டா.

வோட்டுப் போட்டபின் வாசல் மதிலில் குந்தியிருந்து ஒரு கொப்பியில் எழுதினா. வோட்டுப் போடுகிற இடத்துக்குள் துவக்கு வரக்கூடாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு மனு. முதல் கையெழுத்து நான், தமிழில். இரவு வேலை முடித்து நேரே வந்தவ, நித்திரையும் கொள்ளாமல், வருகிற ஆட்களையெல்லாம் மறித்தா. ஒவ்வொருவருக்கும் பென்சிலை நாக்கில் தொட்டு நீட்டினா. காவல்காரனும் தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

சட்டம் வந்ததோ தெரியாது. அவவைப் பிறகு காணவில்லை. அன்றைக்குச் சேர்ந்த கையெழுத்து நாற்பத்தொன்று.