மஞ்சள் எண் போட்ட மரங்கள்

கை கறுத்த நாள்

சவுக்கு மரத்தின் பட்டை ஓரிடத்தில் கொப்புளம் போல உப்பியிருந்தது. கத்தியால் கீறினேன். உள்ளிருந்து கரிப்பொடி கொட்டி விரலும் சட்டையும் மூக்கு நுனியும் கறுத்துப் போயின. இருபது வருடமாகப் பூஞ்சை பார்க்கிறவன் உடனே மாதிரி எடுத்திருக்க வேண்டும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு வரப்பு வரை ஓடினேன். நுரையீரலுக்குள் சவுக்குத் தோப்பு முளைத்துவிடும் என்று பயம்.

தோப்புக்காரர் முனியம்மா அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அந்தத் தூள நான் தெனம் தொட்டுகினுதான் இருக்கேன் சார். எனக்கு ஒண்ணும் ஆவல. மரந்தான் சாவுது."

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற சாலையோரம் ஒன்றரை ஏக்கர். அவர் குடும்பத்தில் அதற்கு முன் யார் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இது அக்கா பெயரில் வந்த முதல் பட்டா, அவர் வைத்த முதல் தோப்பு. இன்னும் ஒரு வருடம் நின்றால் வெட்டலாம். ஓரத்தில் எட்டு மரங்கள் உச்சி காய்ந்து நின்றன. அது அந்த எட்டோடு நிற்குமா, தோப்பையே தின்னுமா என்பதுதான் அவர் கேள்வி.

வெட்கத்தோடு திரும்பிப் போய் நோய்ப் பட்டையை அறுத்தெடுத்தேன். எங்கள் வேலையில் அது மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மரத்துப் பட்டையும் வேண்டும். அதனால் உள்ளே நடந்து, செழிப்பாக நின்ற பதினொரு மரங்களில் தீப்பெட்டி அளவுக்குப் பட்டை எடுத்தேன். அடையாளத்துக்கு மஞ்சள் பெயிண்டில் எண் போட்டேன். ஜல்தியாக முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

மாடியில் நான் வேறு ஆள்

எங்கள் லேப் ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு துண்டையும் மேலே ஒட்டியது போக மருந்தில் கழுவுவேன். ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் நனைத்து விளக்கில் காட்டுவேன். யாராவது தும்மினால் முறைப்பேன். ஐந்தாம் நாள், துண்டுகளை வளர்க்க வைத்த கண்ணாடித் தட்டுகளில் இரண்டில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. புது நோய், மாவட்டமே காலி என்று லேப் தலைவி மேடத்திடம் ஓடினேன். அவர் மைக்ரோஸ்கோப்பில் ஒரே பார்வை பார்த்தார்.

"இது ஊசிப்போன சோத்துல வர்றதுப்பா. உன் டிபன் பாக்ஸ் எங்க?"

தட்டுகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மறுபடி வளர்த்தோம். நோய்ப் பட்டையிலிருந்து கறுப்புப் பூஞ்சை வந்தது. அதே கரிப்பொடி வித்துகள். கொப்புளப் பட்டை நோய்தான். நல்ல பட்டைத் துண்டுகள் பதினொன்றும் சுத்தம். எட்டு மரத்தையும் வெட்டி எரிக்கவும், மற்றவை ஆரோக்கியம் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அக்கா அன்றே வெட்டி எரித்தார்.

எண்கள்

மழை முடிந்ததும் அக்காவின் போன் வந்தது. ஒரு தபா வந்து பாருங்க சார் என்றதோடு வைத்துவிட்டார்.

போனேன். காற்று, மழை, வண்டு, பக்கத்து நிலம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே நடந்தேன். அக்கா முன்னால் போய் ஒரு மரத்தைத் தொட்டார். நான் பட்டை எடுத்த வெட்டைச் சுற்றிக் கொப்புளம். அடுத்ததைத் தொட்டார். அதிலும். பதினொன்றிலும்.

"நம்பர் போட்டதெல்லாம் போவுது. போடாதது நிக்குது. நான் படிக்கல சார். இது இன்னா நோவு?"

நீளமான லத்தீன் பெயர் ஒன்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பைக் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று கை தானாகத் தேடியது.

"என் கத்திக்கா. நோவு மரத்த அறுத்துட்டு, தொடைக்காமயே இங்க வந்துட்டேன்."

அக்கா அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"உங்க ஆபீசுல தொடைப்பீங்களா?"

"தொடைப்பேன்."

"எதுக்கு?"

"தட்டு கெட்டுடும்னு."

"தட்டுக்கு," என்றார் அக்கா.

பதினொன்றையும் வெட்டி எரித்தோம். பிந்திவிட்டது. கரிப்பொடி ஏற்கெனவே காற்றில் ஏறியிருந்தது. சில மாதங்களில் பாதித் தோப்பு கறுத்தது. மீதியை முற்றும் முன்பே வெட்டி, பந்தல் காலுக்குக் கொடுத்தார். வெறும் நிலத்தில் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நோயைத் தேடிப் போகிறவன்தான் அதைச் சுமந்துகொண்டும் போகிறான். ஒரு மரம் முடிந்தால் கத்தியைத் துடை, நெருப்பில் காட்டு, பிறகு அடுத்த மரம். என் இடுப்பில் இப்போது ஸ்பிரிட் பாட்டில் தொங்குகிறது. மரத்துக்கு மரம் பூசாரி கற்பூரம் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அக்கா அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி கன்று வைத்தார். இலை பழுத்தது என்று போன மாதம் கூப்பிட்டார். வரப்பிலேயே நிறுத்தினார். அங்கே மூன்று கல் வைத்துத் தீ மூட்டியிருந்தது.

"கத்தியக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு தபா," என்றார்.

மறுபடி நெருப்பில் பிடித்தேன்.