கட்டாரிலிருந்து கதிரவெளிக்கு

கட்டாரிலிருந்து மகன் ஐந்து மணித்தியாலத்தில் வந்துவிடுவான் என்று படுக்கையில் கிடக்கிற மாமியிடம் சொல்லிவிட்டாயாமே, பரிமளம்? மீன்காரர் வரைக்கும் கதை போய்விட்டது. அது பிளேன் பறக்கிற நேரம் மட்டும்தான். கட்டுநாயக்காவில் இறங்கி இங்கே வருகிற வழியை யார் கணக்கில் எடுப்பது? அது பிளேனை விட இழுக்கும். கோபிக்காதே, குசினிக்குள் வந்து அடுப்படியில் இரு. வீடு வீடாகப் போய் நோயாளி பார்த்தே என் வயது போனது. இதே கட்டார், இதே ஐந்து மணித்தியாலத்தைக் கதிரவெளியிலும் ஒரு வீட்டில் கண்டேன்.

அது தங்கம்மா அக்காவின் வீடு. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். படுக்கையில் கிடந்தும் என் கறிக்குக் குறை சொல்லுவார். அவருக்கு ஒரே ஆசை, கடைசிப் பாலை மகன் சிவாவின் கையால் குடிக்க வேண்டும். கட்டாரில் வேலை செய்த சிவா லீவு எடுத்துப் புறப்பட்டான்.

மகள் சுகந்தி தாயின் காதில் சொன்னாள்: “அம்மா, தம்பி பிளேன் ஏறிட்டான். அஞ்சு மணித்தியாலம்தான்.”

“இப்ப எவடத்த வாறான்?”

“கடலுக்கு மேலால வாறான்.”

கடல் என்பது அந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல். அக்காவின் புருசன் கடலுக்குப் போய், வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

“காத்துக் கடுமையா?” என்றார் அக்கா.

“அது ஆகாயத்துல போறதுகா. தண்ணி படாது” என்றேன் நான்.

“உன்ட மச்சானும் ஒண்டும் ஆகாதெண்டுதான் போனவர்.”

புருசனைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு கரண்டித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஐந்து மணித்தியாலம் கடந்தது. வாசலில் மகன் இல்லை.

“கடல் எடுத்திட்டுது” என்றார். அழவும் இல்லை.

சிவா வரும் வரை இந்த உயிர் நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்நேரம்தான் கட்டுநாயக்காவிலிருந்து அவனுடைய போன் வந்தது. சுகந்தியிடம் வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன்.

“மனே, பிளேன் கதை ஒண்டும் கதைக்காத. கரைக்கு வந்திட்டன் எண்டு மட்டும் சொல்லு.”

போனை அக்காவின் காதில் வைத்தேன்.

“அம்மா, நான் கரைக்கு வந்திட்டன்.”

கடித்திருந்த பல் விட்டது. இரண்டு கரண்டித் தண்ணீர் இறங்கியது.

பிறகு அவன் ஊருக்கு ஊர் போன் எடுத்தான். தம்புள்ளை, பொலநறுவை என்று நான் சொல்லச் சொல்ல அக்கா தலையை அசைத்தார். வாழைச்சேனை என்றதும் வாய் திறந்தார்.

“அங்க நிக்காம வரச் சொல்லுகா. கடையக் கண்டா நிண்டிருவான்.”

வந்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போட்டிருந்த சேட்டின் கையைத் தடவினார். பிறகு அவன் தலைமயிருக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்தார்.

“காஞ்சிருக்கு” என்றார்.

அதற்குப் பிறகுதான் பாலுக்கு வாய் திறந்தார். மறுநாள் போய்விட்டார்.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் பிளேன் நேரம் சொல்ல நான் விடுவதில்லை. படுத்திருக்கிற ஆளுக்குப் பயணம் முடிவது தன் கட்டிலடியில்தான். உன் மாமி இப்போதே வாசலைப் பார்த்துக் கிடப்பார். போய்ச் சொல்லு, மகன் பொழுதுபடத்தான் வருவான் என்று. பிறகு அவன் வருகிற வழியை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் இரு.

பொறு, கஞ்சி பொங்குகிறது. மூடியைத் தள்ளிவிட்டு மாமிக்கும் ஒரு கோப்பை வார்த்துத் தருகிறேன்.